குளிர் ஊற்றுகிறவன்

தமிழ்நாட்டு மாப்பிள்ளை எவராவது இந்தோனேசியாவில் பட்டாக் ஜனங்கள் வீட்டு விருந்துக்குப் போனால் மயக்கம் போட்டு விழுவார். அங்கே பெண் கொடுத்தவர்கள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண் எடுத்தவன் அடுப்படியில் வெந்து, மீன் பரிமாறி, தண்ணீர் ஊற்றி, கடைசியில் ஏதாவது மிச்சமிருந்தால் தின்ன வேண்டும். மனைவியின் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் பிள்ளைகுட்டிக்கு ஆகாது என்று நினைக்கிற ஜனங்கள். சுமத்ராவை விட்டு ஜகார்த்தாவுக்குக் குடிவந்து ஒரு தலைமுறை ஆனபிறகும் அதை மட்டும் விடவில்லை.

பார்லினும் விடவில்லை. அவன் மச்சான் தோகாருக்கு அவன் தண்ணீர் ஊற்றினான், கள் ஊற்றினான், திரவ நைட்ரஜனும் ஊற்றினான்.

மங்கா துவா கம்ப்யூட்டர் சந்தையில் மூன்றாம் மாடியில் தோகாரின் கடை. பார்லினுக்கு அங்கேதான் வேலை. பகலெல்லாம் இரண்டு பேரும் வாடிக்கையாளர்களுக்கு மெஷின் பூட்டிக்கொடுப்பார்கள். வியாபாரம் ஓய்ந்ததும் தங்கள் பைத்தியத்தை ஆரம்பிப்பார்கள். பிராசஸர் என்று ஒரு சில்லு இருக்கிறதே, கம்பெனிக்காரன் அதற்கு ஒரு வேகம் குறித்து அனுப்புகிறான். அந்த வேகத்துக்கு மேல் அதை விரட்டுவதுதான் ஓவர்கிளாக். விரட்ட வேண்டுமென்றால் வோல்ட்டை ஏற்ற வேண்டும். வோல்ட் ஏறினால் சில்லு கொதிக்கும், கொதித்தால் செத்துப்போகும். அதனால் சில்லின் தலையில் ஒரு செம்புக் குவளையை வைத்துக் கட்டி, அதற்குள் நைட்ரஜனை ஊற்றி, மைனஸ் நூறு டிகிரிக்குக் கீழே இறக்கி வைப்பார்கள். ரொம்பக் குளிர்ந்தாலும் சில்லு மரத்துப்போய் நின்றுவிடும். சூடும் ஆகாது, அதிகக் குளிரும் ஆகாது, நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்த இடத்திலேயே அதை நிறுத்திவைப்பது ஊற்றுகிறவன் பாடு.

இது இரண்டு பேர் வேலை. ஒருவன் கீபோர்டில் உட்காருவான், ஒருவன் ஃபிளாஸ்க்கோடு நிற்பான். கீபோர்டுக்காரன் சோதனையை ஓடவிடும் முன் "அழுத்துறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஊற்றுகிறவன் ஒரு வாய் அதிகம் ஊற்றிவிட்டு "அழுத்துங்க" என்பான். அதற்கப்புறம்தான் விரல் கீழே இறங்கும். சூடு வரும்போது அதற்கு முன்னாலேயே குளிர் போய்க் காத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. குரல் கொடுக்காமல் எவனும் அழுத்த மாட்டான். அப்படி அழுத்துகிறவனோடு யாரும் ஜோடி சேர மாட்டார்கள்.

ஆனால் சாதனைப் பட்டியலில் ஏறுவது கீபோர்டுக்காரன் பெயர் மட்டும்தான். உலகப் பட்டியலில் தோகார் சினாகா என்று எத்தனையோ இடத்தில் இருக்கிறது. பார்லின் சிம்போலோன் என்று ஒரு இடத்திலும் இல்லை. படங்களில் அவன் கை மட்டும் வரும், கம்பளிக் கையுறை போட்ட கை. இதற்காக அவன் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. ஆனால் வலித்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பான், பெருமூச்சு விட்டுவிட்டு மூடிவைப்பான்.

அந்த வருஷம்தான் போட்டி விதியை மாற்றினார்கள். ஒரு மதர்போர்டு கம்பெனியின் ஜகார்த்தா அலுவலகத்திலிருந்து வெனிங் என்று ஓர் அம்மாள் வந்து, சந்தையின் தரைத்தளத்தில் மேடை போட்டு நடத்தும் போட்டி. "ஒரே ஆள் உக்காந்து ஒரே ஆள் ஊத்துறது போதும். முதல் சுத்துல ஒருத்தர் கீபோர்டுல, ரெண்டாம் சுத்துல மத்தவர். ஜோடிக்கு ஒரே சில்லுதான், அதுலதான் ரெண்டு சுத்தும்," என்று சொல்லிவிட்டார்கள். பெரிய எண் அடிக்கிற கையைத் தைப்பேயில் இருக்கும் சோதனைக்கூடத்துக்கு வேலைக்கு எடுப்பதாகவும் பேச்சு.

பார்லின் அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனான். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, பெயர் ஏறும்.

சில்லைத் தேடிக் கண்டுபிடித்தவனும் அவன்தான். ஒரே பெட்டியில் வந்த பிராசஸர்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. ஒன்று சவலையாக இருக்கும், ஒன்று முரடாக இருக்கும், மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். கடைக்கு வந்த சரக்கை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, அவற்றில் முரட்டுப் பிள்ளை ஒன்றைப் பிடித்தான். ஒருநாள் தோகார் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தானே ஊற்றி, தானே அழுத்தி, அதை ஓட்டிப் பார்த்தான். தோகார் திரும்பி வந்தபோது திரையில் சில்லு எட்டிய வேகம் ஒரு எண்ணாக நின்றுகொண்டிருந்தது. தோகார் வாழ்நாளில் தொடாத எண். பல் குத்திக்கொண்டே வந்த மனுஷன் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தான்.

"யாரு ஓட்டினது?"

"நான்தான் மச்சான். சும்மா பாத்தேன்."

"ஒத்தைக் கையாலயா?"

"ஆமா மச்சான்."

தோகார் குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கல்லாவுக்குப் போனான். அன்று மாலை தேநீர்கூட வாங்கித் தரவில்லை. பார்லினுக்கு அது அப்போது உறைக்கவில்லை. பாவம், நல்லவனுக்கு எதுவும் நேரத்தோடு உறைக்காது.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு, தேவாலயம் முடிந்து தங்கை வீட்டுக்குத் தோகார் சாப்பிட வந்திருந்தான். பார்லினின் மனைவி தியூர் அண்ணனுக்கென்று கெண்டை மீனை அந்தாலிமான் மிளகு போட்டு ஆக்கியிருந்தாள்.

"மச்சான், ஒண்ணே முக்கால் வோல்ட்டு. அதுக்கு மேல இந்தச் சில்லு தாங்காது. நான் பாத்துட்டேன்," என்றான் பார்லின்.

"அட, எத்தனை தடவ சொல்லுவ?"

"தூக்கத்துலகூட ஒண்ணே முக்கால்னுதான்ணே பேத்துறாரு," என்றாள் தியூர். "போன வாரம் பாஸ்டர் என்ன பாட்டுன்னு கேட்டாரு, இவர் ஒண்ணே முக்கால்ங்கிறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். தோகாரும் சிரித்தான். "முதல் சுத்து என்னோடது, ரெண்டாவது உன்னோடது. உன் பிள்ளையை உன் கையில பத்திரமா குடுக்குறேன், போதுமா?" என்று மீன் தலையை எடுத்து வைத்துக்கொண்டான்.

போட்டி நாளன்று சந்தையில் நிற்க இடமில்லை. ஏசி இருந்தும் கூட்டத்தின் வேர்வையில் காற்று கொழகொழவென்று இருந்தது. ஜகார்த்தாவில் இந்த வேலைக்கு ஈரம்தான் முதல் எதிரி. அவ்வளவு குளிரில் காற்றிலுள்ள ஈரமெல்லாம் போர்டின் மேல் பனியாகப் பிடிக்கும், உருகினால் ஷார்ட் ஆகிவிடும். அதற்காகவே பார்லின் காலையிலேயே வந்து போர்டு முழுக்க வாஸ்லின் தடவி, குவளையைச் சுற்றி அழிரப்பரைப் பிசைந்து அடைத்து, துணி சுற்றி வைத்திருந்தான். குவளையின் வெப்பநிலை மேடைக்கு மேலே பெரிய திரையில் சிவப்பு எண்ணாக ஓடியது. கூட்டத்துக்கு அது ஒன்றுதான் தெரியும். வோல்ட் என்ன என்பது கீபோர்டுக்காரனின் சின்னத் திரையில் மட்டும்.

தோகார் நன்றாகத்தான் ஆடினான், இல்லையென்று சொல்லக்கூடாது. "அழுத்துறேன்." "அழுத்துங்க." "அழுத்துறேன்." "அழுத்துங்க." சிவப்பு எண் மைனஸ் நூற்றுப்பத்தை விட்டு நகரவே இல்லை. பின்னால் நின்ற பையன்கள் திரையைப் படமெடுத்தார்கள். கடைசி ஓட்டத்தில் அன்றைய நாளின் மிகப் பெரிய எண் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. வெனிங் அம்மாள் மைக்கில் தோகாரின் பெயரைச் சொல்லி, இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சமிருக்கிறது என்றும் அறிவித்தாள்.

"போதும் மச்சான்," என்றான் பார்லின். "உங்க எண் வந்துடுச்சு. இனி எனக்கு விடுங்க."

தோகார் தலையாட்டினான். ஆட்டினானா, இல்லை பார்லினுக்கு அப்படித் தோன்றியதா, அது அவனுக்கே கடைசிவரை தெரியவில்லை. பார்லின் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, போர்டின் ஓரத்தில் பிடித்திருந்த பனியைத் துணியால் ஒற்றி எடுக்கக் குனிந்தான். தன் சுற்றுக்கு எல்லாம் காய்ந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு அவனுக்கு.

குனிந்திருக்கும்போதே காற்றாடியின் ஓசை மாறியது. நிமிர்ந்தான். மேலே சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது. நூறு, எண்பது, அறுபது. மைனஸ்தான், நமக்கு அது உறைகுளிர். ஏற்றிய வோல்ட்டில் வெந்துகொண்டிருக்கும் சில்லுக்கு அது அடுப்பு. பார்லின் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் குவளையில் கவிழ்த்தான். புகை பொங்கி மேடையை மூடியது. புகை விலகியபோது சின்னத் திரை கறுத்துக் கிடந்தது.

கூட்டத்திலிருந்து "அய்யோ" என்று ஒரு குரல் வந்தது.

தோகார் கையை நீட்டி, போர்டின் அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கினான். செட்டிங் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிற பொத்தான். சில்லு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எல்லாரும் செய்வதுதான். ஆனால் வைத்திருந்த வோல்ட்டும் அதோடு அழிந்துபோகும். பார்லின் அந்த விரலைப் பார்த்தான். தோகார் அவன் பார்த்ததைப் பார்த்தான்.

சில்லு எழுந்திருக்கவில்லை.

வெனிங் அம்மாள் மைக்கோடு வந்தாள். "என்ன ஆச்சு, தோகார்?"

"என்னத்தச் சொல்றது மேடம்," என்றான் தோகார். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான். "ஊத்துறதுல கொஞ்சம் லேட்டாயிடுச்சு. விடுங்க, நம்ம மாப்ளதான். வேணும்னா செஞ்சான்?"

கூட்டம் மேலே பார்த்தது. எண் ஏறியதை எல்லாரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஃபிளாஸ்க் யார் கையில் இருந்தது என்பதையும் கண்டிருக்கிறார்கள். வேறென்ன சாட்சி வேண்டும்? பார்லின் வாயைத் திறந்தான். மச்சான் எதிரில் நிற்கிறான், பெண் கொடுத்த குடும்பம், சொந்த ஜனம் பாதிப் பேர் கூட்டத்தில். திறந்த வாயை மூடிக்கொண்டான். செம்புக் குவளையை அவிழ்த்து, துடைத்து, பைக்குள் வைத்தான்.

சில்லு செத்ததால் ஜோடிக்குப் பரிசு இல்லை, பார்லினுக்குச் சுற்றே இல்லை. ஆனால் தோகார் அடித்த எண் நின்றது. அன்றைய பெரிய எண் அதுதான். அவன் பெயர் பட்டியலில் மேலே ஏறியது. தைப்பே வேலையும் அவனுக்கே என்று வெனிங் அம்மாள் கைகுலுக்கினாள்.

வீட்டில் தியூர் காத்திருந்தாள். விஷயம் அவளுக்கு முன்பே வந்துவிட்டது.

"அண்ணன் உங்கள நம்பித்தானே உக்காந்தாரு? உங்க கை என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

"துடைச்சிக்கிட்டு இருந்தேன்."

"அந்த நேரத்துலயா?" அவள் கிட்டே வந்தாள். இந்த வேலையின் நெளிவுசுளிவு அவளுக்கும் தெரியும், வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகியது. "லஸ்மா அப்பா, என்னைப் பாருங்க. அண்ணன் குரல் குடுத்தாரா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் கதை வேறு. அவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றிருப்பாள். அவள் குணம் அப்படி. அண்ணன் தங்கை உறவு அன்றோடு முறிந்திருக்கும். மகள் லஸ்மாவுக்கு நாளைக்குக் கல்யாணம் என்றால் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அத்தனையும் பார்லினின் தலைக்குள் ஓடியது.

"குடுத்தாரு," என்றான். "எனக்குக் கேக்கல."

தியூர் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கேக்கலையா," என்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அவள் அண்ணனுக்குப் போன் செய்து, "அவருக்கு நீங்க கூப்பிட்டது கேக்கலையாம்ணே, மன்னிச்சிடுங்க," என்று சொன்னாள். தோகார் இப்படி ஒரு பாக்கியம் வந்து விழும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டான். மறுநாளிலிருந்து சந்தையில் அதையே பாடினான். "நான் கத்துறேன், அழுத்துறேன், அழுத்துறேன்னு. அவன் காதுல விழல." மங்கா துவா முழுக்கப் பெயர் பரவியது, செவிட்டு பார்லின் என்று. கையுறை விற்கிறவன்கூட அவனிடம் சைகையில் விலை சொன்னான். இத்தனை வருஷம் பெயர் வேண்டும் பெயர் வேண்டும் என்று ஏங்கியவனுக்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்தது. வீட்டில் தியூர் சோறு போட்டாள், துணி மடித்துவைத்தாள், அவசியமானதை மட்டும் பேசினாள். அவனைப் பார்க்கும் பார்வையில் முன்பிருந்த ஏதோ ஒன்று இல்லை.

தோகார் தைப்பேக்குக் கிளம்புமுன் ஜகார்த்தாவின் சிலிலிதானில் அவன் வீட்டில் விருந்து. பன்றி வெட்டினார்கள். அடுப்படிக்கு யார்? பார்லின்தான். காலையிலிருந்து கறி நறுக்கி, தேங்காய் வறுத்து, சோறு வடித்தான். ஜெபம் முடிந்ததும் தோகார் எழுந்து நின்றான். தோளில் ஒரு சிவப்பு உலோஸ் துணி.

"என் தங்கச்சியும் மாப்ளயும் முன்னால வாங்க," என்றான். "நடந்தது நடந்துபோச்சு. மாப்ள மனசுல அது முள்ளா குத்திக்கிட்டு இருக்கக்கூடாது. நான் போறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் துணி போத்திட்டுப் போறேன்."

பெரியவர்கள் ஆகா என்றார்கள். ஒரு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண் கொடுத்தவன் போர்த்தும் உலோஸைப் பெண் எடுத்தவன் தலைகுனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும், அது ஆசீர்வாதம். பார்லினும் தியூரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தோகார் ஒரே துணியை இருவர் தோளையும் சுற்றிப் போர்த்தி, முனைகளை முன்னால் இழுத்துப் பிடித்தான். குனிந்து பார்லினின் காதோரம் சொன்னான்.

"ரெண்டு வோல்ட்டு வெச்சுட்டேன் மாப்ள. பொசுக்குனு போகும்னு நினைக்கல. மனசுல வெச்சுக்காத."

ஒரு துணிக்குள் இரண்டு பேர். ஒருவர் காதுக்குச் சொன்னது மற்றவர் காதுக்குக் கேட்காமல் இருக்குமா? பார்லினின் தோளோடு ஒட்டியிருந்த தியூரின் தோள் விறைத்தது. யாரோ படம் எடுத்தார்கள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அடுப்படிக்குத் திரும்பியதும் தியூர் கதவைச் சாத்தினாள்.

"குரல் குடுத்தாரா?"

பார்லின் அகப்பையை எடுத்தான்.

"கேக்குறேன்ல. குடுத்தாரா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் என்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"உன் அண்ணன், தியூர். உன் குடும்பம். உனக்காகத்தான்."

"எனக்காகவா?" என்றாள் தியூர். "இத்தனை நாளும் உங்க பக்கத்துல படுத்துக்கிட்டு, இந்த ஆள் கையால ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். கேவலமா நினைச்சேன். என் வாயாலயே அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். ஊரே செவிடன்னு சிரிச்சப்போ நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனேன். அதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது? ஊர்கிட்ட உண்மைய மறைச்சீங்க, சரி. சொந்தக்காரங்ககிட்ட மறைச்சீங்க, சரி. என்கிட்ட எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

மச்சானுடைய மானத்தைக் காப்பாற்றியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, எதைக் கொடுத்துக் காப்பாற்றினான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளைத் தொடப் போனான். அவள் விலகினாள்.

வெளியே யாரோ தண்ணீர் கேட்டார்கள். பார்லின் கூஜாவை எடுத்தான். தியூர் அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பாயின் நடுவில் தோகார் உட்கார்ந்து தைப்பேயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்தாமல் டம்ளரை நீட்டினான். தங்கையைப் பார்த்ததும், "நீ வந்தது நல்லதாப் போச்சும்மா, மாப்ள வந்தா லேட்டாயிடும்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

தியூர் ஊற்றினாள். டம்ளர் நிறைந்தது. ஊற்றிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் விரல் வழியாக வழிந்து, சட்டைக் கையை நனைத்து, தட்டிலிருந்த கறியில் விழுந்து, மடியில் இறங்கியது.

"போதும். ஏய், போதும், போதும்மா."

கூஜா காலியாகும்வரை அவள் நிறுத்தவில்லை. அண்ணன் முகத்தை நேரே பார்த்தாள்.

"குரல் குடுத்தீங்களாண்ணே?" என்றாள். "எனக்குக் கேக்கலையே."

தோகாரின் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் ஒரு கிழவர் தொடையில் தட்டிக்கொண்டு, "போச்சுடா, புருஷன் செவிடு பொண்டாட்டிக்கும் ஒட்டிக்கிச்சு," என்றார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள். தியூர் சொன்னது என்ன என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை, புரிய வேண்டியவனைத் தவிர.

தியூர் காலிக் கூஜாவோடு அங்கேயே நின்றாள். தான் கொண்டுவந்த உண்மையும் அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் போய்விட்டதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்தில் சிந்தியதைத் துடைப்பது பெண் எடுத்தவன் வேலை. பார்லின் அடுப்படித் துணியை எடுத்துவந்து மச்சானுக்கு எதிரில் முட்டிபோட்டான். பாயைத் துடைத்தான், தட்டைச் சுற்றித் துடைத்தான், ஓரத்தில் தேங்கியதை ஒற்றி எடுத்தான்.

"விடு மாப்ள," என்றான் தோகார், குரலைத் தாழ்த்தி. "போதும். நான் பாத்துக்கிறேன்."

"இருங்க மச்சான்," என்றான் பார்லின். "ஈரம் இருக்கக்கூடாது." துணியைப் பிழிந்துவிட்டு மறுபடியும் குனிந்தான்.